ஒரு தட்டுக்கு நில், இரண்டு தட்டுக்குப் போ

ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் அவள் எடுத்த படங்கள்தான் தொங்கின. மாதத்துக்கு ஒன்றாகக் காலண்டரில் வந்த படங்கள், எல்லாம் ஆகாயத்திலிருந்து எடுத்தவை. பனி மூடிய குன்று, வெள்ளம் வடிந்த வயல், நாணல் காட்டை வளைத்துக்கொண்டு போகும் கால்வாய். பார்த்தவர்கள் இந்தப் பெண்ணுக்குக் காலில் சக்கரம் என்று பேசிக்கொண்டார்கள். காலண்டர் போடுகிற கம்பெனிக்காரரே போனில், எத்தனை ஊர் சுற்றியிருக்கிறீர்கள் அம்மா என்று வாயைப் பிளந்தார். அவளும் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அத்தனை படமும் ஒரே மொட்டைமாடியில் நின்று எடுத்தவை.

ட்ரோனுக்கு ஓர் எல்லை உண்டு. கையில் இருக்கும் ரிமோட்டின் சிக்னல் எட்டுகிற வரைதான் அதன் உலகம். சிக்னல் அறுந்தால் கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்பி வந்துவிடும். அந்த வட்டத்துக்குள் அகப்பட்டது ஒரு குன்று, ஒரு கால்வாய், கொஞ்சம் வயல், ஒரு நாணல் காடு. அவ்வளவையும் வைத்துக்கொண்டு அவள் வருஷம் முழுவதையும் ஒப்பேற்றினாள். அதே குன்றை மார்ச்சில் முதுகுப் பக்கம் காட்டினாள், ஜூலையில் மழைக்குள் ஒளித்துக் காட்டினாள், நவம்பரில் தண்ணீரில் தலைகீழாகக் காட்டினாள். ஒருத்தர் கண்டுபிடிக்க வேண்டுமே! ஒரே நடிகரை வேஷம் மாற்றி மாற்றி மேடையேற்றிய நாடகக் கம்பெனி மாதிரிதான் அவள் பிழைப்பு நடந்தது.

அவள் அந்த மாடியை விட்டு இறங்காததற்குக் காரணம் அண்ணன்.

அண்ணன் லாரி ஓட்டியவன். வண்டி கவிழ்ந்த அன்று இடுப்புக்குக் கீழே எல்லாம் அவனுடையதாக இல்லாமல் போயிற்று. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடியில் கட்டிய ஒற்றை அறைதான் வீடு. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். அதற்கப்புறம் அவன் கீழே இறங்கவே இல்லை. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, எல்லாம் அவள் தூக்கினால்தான். ஒருமுறை கடையில் வரிசை நீண்டுவிட்டது. அவள் திரும்பி வந்தபோது நாற்காலி சரிந்து, முகம் தரையில் பட, அவன் குப்புறக் கிடந்தான். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு, இப்பத்தான் என்று சிரித்தான். கன்னத்தில் தரையின் சொரசொரப்பு அச்சுக் குத்தியது போலப் பதிந்திருந்தது. அன்றிலிருந்து மருந்துக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் தவிர அவள் எங்கும் போவதில்லை. அதுவும் ஓட்டமும் நடையுமாக.

மாற்று ஆள் இல்லாமல் இல்லை. அண்ணனோடு லாரியில் ஓடிய பழைய கிளீனர், நான் வந்து கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பார்க்கிறபோதெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அவருக்குத் தலையணை வைக்கவே தெரியாது என்று அவள் தட்டிக்கழித்தாள். எனக்குக் கீழே வேலை பார்த்தவன் கையால் நான் கழுவிவிடப்படுவதா என்று அண்ணன் முறுக்கிக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சாக்கு கிடைத்தது. கிளீனர் பாவம், பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

லாரியை விற்ற கையோடு ட்ரோனை வாங்கச் சொன்னது அண்ணன்தான். "வண்டின்னு ஒண்ணு வீட்ல இருக்கட்டும்" என்றான். அவளுக்குப் பைலட்டு என்று பெயர் வைத்தவனும் அவனே. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் பைலட்டம்மா ஆனாள். அவள் ட்ரோனை ஏற்றும்போது அண்ணன் நாற்காலியை உருட்டி வந்து பக்கத்தில் நிறுத்திக்கொள்வான். ரிமோட்டில் மாட்டிய அவள் போனில் ஓடுகிற படத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். வாய் திறந்து பேச மாட்டான். நாற்காலியின் கைப்பிடியில் தட்டுவான். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் வண்டியின் உடம்பில் தட்டுவாரே, அந்தக் கணக்கு. ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில் அவன் சரியாக ஒரு தட்டு தட்டுவான். காலண்டரில் பாதிப் படம் அந்தத் தட்டில் எடுத்ததுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் காலண்டர்காரர் மறுபடி கூப்பிட்டார். கடற்கரை ஓரமாகவே போய், அப்படியே மலைகளுக்குள் ஏறி, சில மாதங்கள் சுற்றி ஒரு பெரிய புத்தகத்துக்குப் படம் எடுக்க வேண்டும். வண்டி, தங்குமிடம், ட்ரோன் எல்லாம் கம்பெனியுடையது. நாளைச் சாயங்காலம் கூப்பிடுவேன், முடிவு சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்.

ஒற்றை அறையில் ரகசியம் பேச இடம் ஏது? அவள் குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தி, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டுதான் பேசினாள். பேச்சு சுவாரசியத்தில் வாளி நிறைந்து வழிந்ததைக் கவனிக்கவில்லை. தண்ணீர் கதவுக்கு அடியில் புறப்பட்டு அண்ணனின் நாற்காலிச் சக்கரம் வரை போய்விட்டது. வெளியே வந்தவளிடம் அவன், தண்ணி வீணாப் போகுது என்று மட்டும் சொன்னான். கேட்டுவிட்டானா இல்லையா என்று அவன் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

அன்றிரவு அவள் கடலைப் பற்றியே யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள். கடலுக்கு மேலே போனால் குன்று குறுக்கே வராது. போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது, அதுவும் வெட்கம் கெட்ட ஆசை. அண்ணன் புரண்டு படுக்க உதவி கேட்டபோது எழுந்து போய்ப் புரட்டிவிட்டாள். புரட்டிய கைக்குள் ஒரு கோபம் இருந்ததை அவளே உணர்ந்தாள். அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் மதியம் மருந்து வாங்கப் போனாள். ட்ரோனுக்கு பேட்டரி போட்டு, மாலை வெளிச்சத்துக்குத் தயாராக மாடியில் வைத்துவிட்டு, ரிமோட்டைப் போனோடு அண்ணன் மடியில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். திரும்பி ஏறி வந்தபோது ட்ரோனைக் காணோம். அண்ணன் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் படம் உறைந்து கிடந்தது. நாணல் தண்டுகள், சேறு, வானத்தில் ஒரு துண்டு.

நடந்தது இதுதான். அவன் ட்ரோனைக் கிளப்பி, அவர்கள் ஒருநாளும் போகாத தூரத்துக்கு, சிக்னல் எட்டுகிற கடைசி விளிம்பில் இருக்கும் நெடுஞ்சாலை வளைவு வரை ஓட்டியிருக்கிறான். காற்று பின்னாலிருந்து தள்ளியதால் அது சிட்டாகப் பறந்திருக்கிறது. பாதி பேட்டரி தீர்ந்ததும் திருப்பியிருக்கிறான். லாரிக்காரன் கணக்கு அது. சுமையோடு போகிற வண்டிதான் டீசலைக் குடிக்கும், காலியாகத் திரும்புகிற வண்டி கொஞ்சத்தில் வந்துவிடும். ட்ரோனுக்கு ஏது சுமை? திரும்பும்போது அத்தனை காற்றும் எதிரில் நின்றது. வழியிலேயே பேட்டரி கையை விரித்துவிட, அது நாணல் காட்டில் எங்கோ இறங்கிவிட்டது.

"திரும்பி வர்றது லேசா இருக்கும்னு நெனச்சேன்" என்றான் அண்ணன்.

அவள் மருந்துப் பையைக் கீழே போட்டாள். இன்று சாயங்காலம் காலண்டர்காரர் கூப்பிடப் போகிறார். இன்றைக்கென்று பார்த்து ட்ரோன் சேற்றில். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. கம்பெனி வேறு ட்ரோன் தரும் என்பது அந்தக் கோபத்தில் நினைவுக்கே வரவில்லை.

"நேத்து எல்லாத்தையும் கேட்டுட்டே, இல்ல?"

"கேட்டேன்."

"அதான் ஒழிச்சுக் கட்டிட்டே. நீ முடங்கினது பத்தாதுன்னு என்னையும் இங்கயே முடக்கிப் போடணும், அதானே?"

வாயை விட்டு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அண்ணன் ரிமோட்டை நீட்டி, இதில் மேப்பில் புள்ளி காட்டுகிறது, எடுத்துக்கொண்டு போ என்றான். தினமும் பார்க்கிற இடம் எனக்குத் தெரியாதா என்று அவள் வெடுக்கென்று திரும்பினாள். கீழ்வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதையும் செய்யாமல், தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

கால்வாயைத் தாண்டியதும் அவளுடைய அறிவெல்லாம் மாடியிலேயே தங்கிவிட்டது தெரிந்தது.

மேலேயிருந்து பார்த்தால் நாணல் காட்டுக்கு நடுவே வகிடு எடுத்தது மாதிரி ஒரு பாதை ஓடும். எத்தனையோ படம் எடுத்திருக்கிறாள். தரையில் அப்படி ஒரு பாதையே இல்லை. நாணல் ஆளை விட உயரமாக நின்றது. முன்னாலும் பச்சை, பின்னாலும் பச்சை. கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டிக்கொண்டு காலண்டரின் மே மாதப் பக்கத்தில் ஒரு குளம் இருக்குமே, அதில் முழங்கால் வரை இறங்கினாள். ஊர்ச் சாக்கடை எல்லாம் வந்து நிற்கிற பள்ளம் அது. இத்தனை வருஷமாக அவள் படம் எடுத்ததில் நாற்றம் விழவில்லை. வலதுபக்கம் போனாள், தண்ணீர் வந்தது. இடதுபக்கம் போனாள், தான் மிதித்த சேற்றுக்கே திரும்பி வந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கே மாடியில் ஒருத்தன் தனியாக இருக்கிறான். போனும் கையில் இல்லை. போகவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. வட்டம் வட்டம் என்று அலுத்துக்கொண்டாளே, அதற்குள்ளேயே ஒரு இடுக்கில் சிக்கிக்கொண்டாள்.

நாணல் கொஞ்சம் தாழ்ந்த ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்தாள். தூரத்தில் கட்டடங்கள். அவற்றில் ஒன்றின் தலையில் சின்ன டப்பா போல அவர்கள் வீடு. அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு.

கொடியில் உலர்த்திய சிவப்புப் போர்வை காற்றில் ஆடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அது இடதுபக்கமாக வீசி வீசி நின்றது. மறுபடி இடதுபக்கம் வீசியது. காற்று அப்படி அடிக்காது. அவள் இடதுபக்கம் நாலு எட்டு வைத்துப் பார்த்தாள். போர்வை மேலே எழும்பி இரண்டு தடவை விழுந்தது.

இரண்டு. போ.

அவள் போனாள். நாணலுக்குள் இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளி மேடேறிப் பார்த்தாள். போர்வை ஒரே தடவை விழுந்தது. நின்றாள். அது வலதுபக்கம் வீசியது. வலதுபக்கம் திரும்பினாள். மேலேயிருந்து ஒருவர் வழிகாட்ட, கீழேயிருந்து தான் நகர்வது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. கோபம் எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் சிரிப்புக்கூட வந்தது. அண்ணா, லாரியைப் பின்னால் எடுக்கிற மாதிரி என்னை எடுக்கிறாயே என்று வாய்விட்டே சொன்னாள்.

ஒற்றை மரம் ஒன்று வந்தது. அதனடியில், அவளிடமிருந்து நாலு எட்டில், சேற்றிலிருந்து ஒரு இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ட்ரோன்.

கிடைத்துவிட்டது என்று காட்டக் கையை உயர்த்தித் திரும்பினாள். சிவப்பைக் காணோம்.

கை வலித்துக் கொஞ்சம் இறக்கியிருப்பான் என்று காத்திருந்தாள். வரவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். டப்பா இருந்தது, பக்கத்தில் வெறும் வானம்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்தக் கைப்பிடிச் சுவர் ஞாபகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் தலைக்கு மேலே நிற்கிற சுவர். உட்கார்ந்துகொண்டு அவன் எப்படி நாணல் காட்டைப் பார்த்தான்? எதன் மேல் நின்று போர்வையை வீசினான்?

அவள் திரும்பி ஓடினாள். ட்ரோனைப் பார்க்கவே இல்லை. நாணல் முகத்தில் கீறியது, செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. மாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, தண்ணீர் என்றால் தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஓடினாள். கட்டடத்தின் படிகளில் ஏறும்போது எல்லாத் தெய்வத்தையும் ஒரே மூச்சில் திட்டினாள்.

அண்ணன் சுவருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். நெற்றி ஓரம் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. அக்குள் இரண்டும் தோல் உரிந்து செக்கச்செவேல் என்றிருந்தன. நாற்காலியைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, கையால் எம்பி, அந்தச் சுவரில் அக்குளை மாட்டித் தொங்கிக்கொண்டு அவளுக்கு வழிகாட்டியிருக்கிறான். கை தாங்குகிற வரை தொங்கிவிட்டு விழுந்திருக்கிறான். போர்வை மார்பின் மேல் கிடந்தது. ரிமோட் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது.

"கெடச்சுதா?" என்றான்.

அவள் உட்கார்ந்து அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"பொய் சொல்லாதே. ஒத்த மரத்துக்கிட்டதான் புள்ளி இருந்துச்சு. நீ அங்கதான் நின்னே. நாலு எட்டு வெச்சா எடுத்திருக்கலாமே. ஏன் எடுக்காம வந்தே?"

"போர்வையக் காணல."

மதியம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். நெடுஞ்சாலை வளைவில் லாரிகள் நிற்குமே, அந்த இடத்தை ஒருதடவை பார்த்துவிடலாம் என்றுதான் ஓட்டினானாம்.

"நீ போயிட்டா எனக்கு யாரு காட்டுவா?"

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் போவது முடிவான விஷயம் என்பது போலச் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. முடக்கப் பார்க்கிறான் என்று அவள் கத்திய அந்த மதியத்தில், அவன் அவளை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தான்.

"கிளீனருக்குப் போன் போட்டுட்டேன்" என்றான். "பஸ் ஏறிட்டான்."

"அவருக்குத் தலையணை வைக்கத் தெரியாதே, அண்ணா."

"கழுத்து வலிச்சா அவனைத் திட்டிக்கறேன். உன்னைத்தான் இத்தனை நாளா திட்ட முடியல."

ரிமோட்டில் மாட்டியிருந்த போன் அடித்தது. திரையில் காலண்டர்காரர் பெயர் வந்து வந்து மறைந்தது. எழுந்து போனால் எடுத்துவிடலாம், ஆனால் அண்ணன் தலை மடியில் இருந்தது. அவள் அசையவில்லை. அடித்து ஓயட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். ஓய்ந்துவிட்டால் ஒரு தொல்லை விட்டது, நாளைக்குக் குன்றை வேறு பக்கமாக எடுக்கலாம்.

அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றினான். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பைப் பக்கவாட்டில் இழுத்து, அவள் மடியிலிருந்து தன் தலையைத் தானே கீழே இறக்கி, வெறும் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொண்டான்.

அவள் எழுந்து போய்ப் போனை எடுத்தாள். என்னம்மா, முடிவு பண்ணிவிட்டீர்களா, வருகிறீர்களா என்று காலண்டர்காரர் கேட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவனைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது. சிராய்த்த நெற்றி, உரிந்த அக்குள், ஒரு செருப்போடு நிற்கிற தன் கால், எல்லாம் சேர்ந்து வரலை என்ற சொல்லைத் தொண்டை வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டன. அவர் ஹலோ ஹலோ என்றார்.

பின்னால் உள்ளங்கை சிமெண்டில் விழும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு.

அடுத்தது வரவில்லை. ஒரு தட்டோடு நின்றுவிட்டது. அவன் பெரிய மனது பண்ணிச் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, கை உண்மையைச் சொல்லிவிட்டது என்று நினைத்தாள். அவன்மேல் அவளுக்குத் துளிக்கூடக் கோபம் வரவில்லை. திரும்பவும் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வரலை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

இரண்டாவது தட்டு விழுந்தது.

"வர்றேன் சார்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. அவர் ஏதேதோ விவரம் சொல்லத் தொடங்கினார். கொஞ்சம் லைனில் இருங்கள் என்று சொல்லிப் போனைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனின் உரிந்த அக்குளில் படாமல் முதுகுக்கு அடியில் கை கொடுத்து, எப்போதும் போல மூன்று எண்ணி, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.